தீபாவளிப் பட்டாசு: தடை எது, கட்டுப்பாடு எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் ஜவுளிக் கணக்குக்கு முன்பே பட்டாசுக் கணக்கு தொடங்கிவிடும். "இந்த ஆண்டு வெடிக்கலாமா, கூடாதா?" என்று ஒருவர், "சரவெடி கிடைக்குமா?" என்று இன்னொருவர். நான் விருதுநகர் மாவட்டத்துக்காரன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்காகவே தீர்ப்புகளையும் அரசு அறிவிப்புகளையும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் பட்டாசுக்குத் தடை இருக்கிறதா, இல்லையா?

முழுத் தடை இல்லை. மூன்று விதமான கட்டுப்பாடுகள் இருக்கின்றன. முதலாவது நேரம்: தீபாவளியன்று காலை 6 முதல் 7 மணி வரை, இரவு 7 முதல் 8 மணி வரை. இரண்டாவது ரகம்: பேரியம் உப்பு கலந்தவையும், ஒன்றோடொன்று கோத்த சரவெடிகளும் கூடாது. மூன்றாவது இடம்: மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம், அங்கே எந்த நேரத்திலும் வெடிக்கக் கூடாது.

இந்த மூன்றில் போலீஸ்காரர் கண்ணுக்குத் தெரிவது நேரம் ஒன்றுதான். அதனால் ஊரில் எல்லாரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். பெட்டிக்குள் என்ன மருந்து இருக்கிறது என்பதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. பின்னால் வரும் பல பதில்களில் இந்தச் சிக்கல் தலைகாட்டும்.

காலை ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம் என்று யார் குறித்தார்கள்?

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, அசோக் பூஷண் அமர்வு ஒரு தீர்ப்பு அளித்தது. நாடு முழுவதும் பட்டாசுக்குத் தடை விதிக்க மறுத்த நீதிமன்றம், தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணி வரை மட்டும் வெடிக்கலாம் என்றது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளுக்கு 11.55 முதல் 12.30 வரை.

வடக்கே தீபாவளி என்பது மாலைப் பண்டிகை. இருட்டிய பிறகு லட்சுமி பூஜை, அதற்குப் பிறகு வெடி. நமக்கோ அது விடியற்காலைப் பண்டிகை. நரக சதுர்த்தசியன்று பொழுது விடியும் முன்னே தலைக்கு எண்ணெய், வெந்நீர், புதுத் துணி, ஒரு வாய் லேகியம், பிறகு வாசலில் முதல் வெடி. இரவு எட்டு மணி என்பது நம் வீடுகளில் பலகாரம் தின்று அலுத்து, மறுநாள் வேலையை நினைத்துப் படுக்கும் நேரம்.

தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போய் அதிகாலை 4.30 முதல் 6.30 வரை கூடுதலாக அனுமதி கேட்டது. நீதிமன்றம் கூடுதல் நேரம் தரவில்லை. மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் எந்த நேரம் என்பதை அரசே முடிவு செய்துகொள்ளலாம் என்று அக்டோபர் 30 அன்று சொன்னது. அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் அரசு காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று பங்கு வைத்தது. அந்தப் பங்கீடு இன்றுவரை மாறவில்லை.

நாலரை மணிக்கே குளித்துவிடுகிறோம். ஆறு மணி வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?

இதற்குக் காரணம் இன்னும் பழையது. 2005 ஜூலையில் ஒலி மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓசை எழுப்பும் பட்டாசுகளை வெடிக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த ஆறு மணிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வரத் தமிழ்நாட்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

அக்டோபர் கடைசியில் நம் பக்கம் சூரியன் உதிப்பதே ஏறக்குறைய ஆறு மணிக்குத்தான். ஆக, அனுமதிக்கப்பட்ட நேரம் தொடங்கும்போது வெளுத்துவிடுகிறது. வெடிக்கு அதனால் நஷ்டம் இல்லை. புஸ்வாணத்துக்குத்தான் நஷ்டம். இருட்டில் பனைமர உயரத்துக்குப் பொன்னாகப் பூக்கும் அது, காலை வெயிலில் சாம்பல் நிறப் புகைக்கு நடுவே நாலைந்து பொறிகளோடு முடிந்துபோகிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மத்தாப்பையும் சங்குசக்கரத்தையும் இரவு ஏழு மணிக்கென்று எடுத்துவைத்துவிடுகிறார்கள். ஊர் முழுக்க எல்லாப் பிள்ளைகளும் அப்படியே செய்வதால், அந்த ஒரு மணி நேரத்தில் எதிர் வீடு தெரியாத அளவுக்குப் புகை. நாள் முழுவதும் பரவிக் கிடந்ததை ஒரு மணி நேரத்துக்குள் திணித்தால் காற்றுக்கு நல்லதா என்பது எனக்கு இருக்கும் நியாயமான சந்தேகம்.

நேரம் தவறி வெடித்தால் என்ன தண்டனை?

அரசு ஊழியர் முறைப்படி பிறப்பித்த உத்தரவை மீறியதாக வழக்குப் பதிவாகும். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 188ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆவது பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, 2,500 ரூபாய் வரை அபராதம். பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி செய்திருந்தால் ஓராண்டு, 5,000 ரூபாய். பெரும்பாலும் காவல் நிலையத்தில் பெயரை எழுதிக்கொண்டு ஜாமீனில் அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் வழக்கு வழக்குதான். கடவுச்சீட்டுக்கோ அரசு வேலைக்கோ விண்ணப்பிக்க இருக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

டெல்லியில் மட்டும் ஏன் முழுத் தடை வந்தது?

பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் அறுவடை முடிந்து வைக்கோல் தாளை எரிக்கும் காலமும், காற்று அசையாமல் நிற்கும் குளிர்காலத் தொடக்கமும், தீபாவளியும் அங்கே ஒரே சமயத்தில் வருகின்றன. கீழே குளிர்ந்த காற்று, மேலே வெதுவெதுப்பான காற்று. பானைக்கு மூடி போட்டதுபோல் புகை நகரத்தின் மேல் தேங்கிவிடும். கடற்காற்று அடிக்கும் சென்னைக்கு இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. ஆனால் நமக்கும் ஒரு நாள் உண்டு: 2018 போகியன்று பழைய துணியையும் டயரையும் கொளுத்திய புகையில் சென்னை விமான நிலையமே தடுமாறியது. ஒரு பட்டாசு கூடத் தேவைப்படவில்லை.

டெல்லி வழக்கு 2015இல் தொடங்கியது. மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய தந்தைமார் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். 2016 தீபாவளி முடிந்த கையோடு தலைநகரைப் புகைமூட்டம் சூழ்ந்தது. நவம்பர் 11 அன்று தலைநகர் வட்டாரத்தில் பட்டாசு விற்பனை உரிமங்களை நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2017 செப்டம்பரில் தளர்த்தியது, அக்டோபர் 9 அன்று மறுபடி இறுக்கியது. 2020இல் கொரோனா வந்தபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலைநகர் வட்டாரத்திலும், காற்று மோசமாக இருக்கும் பிற நகரங்களிலும் நவம்பர் இறுதி வரை தடை போட்டது. பிறகு டெல்லி அரசே ஆண்டுதோறும் தடை அறிவித்தது. 2024 டிசம்பரில் அது ஆண்டு முழுவதற்குமான தடை ஆயிற்று.

2025 அக்டோபர் 15 அன்று தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் அமர்வு ஒரு வாசலைத் திறந்தது. புகை குறைவாக வரும்படி செய்த பசுமைப் பட்டாசுகளை மட்டும் 18 முதல் 20 வரை விற்கலாம். 19, 20 ஆகிய இரு நாள்களில் காலை 6 முதல் 7, இரவு 8 முதல் 10 வரை வெடிக்கலாம் என்றது. அதற்கு முந்தைய மாதம் இதே தலைமை நீதிபதி எழுப்பிய கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. டெல்லிக்காரருக்குத் தூய காற்று உரிமை என்றால் மற்ற ஊர்க்காரருக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார். அதில் உள்ள நியாயம் இரு பக்கமும் வெட்டும்.

தடை இருந்த ஆண்டுகளில் டெல்லியில் யாரும் வெடிக்கவில்லையா?

நன்றாகவே வெடித்தார்கள். பக்கத்து மாநிலத்தில் கிடைக்கும் பொருளுக்கு ஒரு நகரத்தில் மட்டும் தடை போட்டால் அது மூட்டையாக உள்ளே வரும். அமெரிக்காவிலும் இதே கதை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கம்பி மத்தாப்பு உட்பட எதையும் பொதுமக்கள் கொளுத்தக் கூடாது. எல்லைக்கு அப்பால் நியூ ஹாம்ப்ஷயரில் கடைகள் இருக்கின்றன. சுதந்திர தினமான ஜூலை 4 நெருங்கினால் காரை எடுத்துக்கொண்டு போய் வாங்கிவருகிறார்கள்.

தடை பலித்த ஊர் என்றால் சிங்கப்பூரைச் சொல்லலாம். 1970 சீனப் புத்தாண்டில் பட்டாசால் நேர்ந்த தீயில் ஆறு பேர் இறந்தார்கள். 1972இல் வெடிப்பதைத் தடுக்கப்போன ஆயுதமற்ற இரண்டு போலீஸ்காரர்கள் தாக்கப்பட்டார்கள். அந்த ஆண்டே சட்டம் வந்துவிட்டது. அங்குள்ள தமிழர்கள் அரை நூற்றாண்டாக வேட்டுச் சத்தமின்றித்தான் தீபாவளி கொண்டாடுகிறார்கள். ஆனால் சுற்றிலும் கடல் இருக்கும் தீவுக்குச் சட்டம் போடுவது வேறு, ஒட்டிக்கொண்டிருக்கும் குர்கானுக்கும் டெல்லிக்கும் நடுவே கோடு கிழிப்பது வேறு.

மற்ற மாநிலங்கள்?

2020இல் ராஜஸ்தானும் ஒடிசாவும் தொற்றைக் காரணம் காட்டித் தடை விதித்தன. அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அந்த மாநிலங்களுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு முதல்வர் மு.க. ஸ்டாலினும் டெல்லி, அரியானா, ஒடிசா, ராஜஸ்தான் முதல்வர்களுக்கு எழுதினார். இரண்டு கட்சிகளும் ஒரே குரலில் பேசும் அபூர்வ விஷயம் இது. 2021இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் மேற்கு வங்கத்தில் எல்லாப் பட்டாசுக்கும் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் மூன்றே நாளில் ரத்து செய்தது.

பசுமைப் பட்டாசு என்றால் என்ன? பச்சையாக எரியுமா?

எரியக் கூடாது என்பதுதான் வேடிக்கை. வாணவேடிக்கையில் பச்சை ஒளிக்குப் பெரும்பாலும் பேரியம் உப்பைத்தான் சேர்ப்பார்கள். அந்தப் பேரியத்துக்குத்தான் தடை.

பேரியம் நைட்ரேட் நிறத்துக்கு மட்டும் அல்ல, மருந்து எரிவதற்கான ஆக்சிஜனைத் தருவதற்கும் பயன்பட்டது. கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்குசக்கரம் என்று குழந்தைகள் கையில் கொடுக்கும் சாதுவான ரகங்களில் அது தாராளமாக இருந்தது. அதனால்தான் 2018 தீர்ப்பு வெடிகளைவிட மத்தாப்பு வகைகளைத் தயாரிப்பவர்களை அதிகம் கலக்கியது.

நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், சுருக்கமாக நீரி, மாற்றுக் கலவைகளை உருவாக்கியது. ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று மூன்று வகை. ஸ்வாஸ் வெடிக்கும்போது நீராவியை வெளிவிட்டுத் தூசியை அமுக்கும். ஸ்டார் வகையில் பொட்டாசியம் நைட்ரேட்டும் கந்தகமும் இல்லை. சஃபல் வகையில் அலுமினியத் தூள் குறைவு. புகைத்துகள் சுமார் 30 சதவீதம் குறையும் என்பது கணக்கு. மீதி 70 சதவீதம் இருக்கத்தான் செய்கிறது. 'பசுமை' என்ற சொல்லைக் கேட்டதும் துளசிச் செடி நினைவுக்கு வந்தால் தவறு நம் மேல்தான்.

கடையில் வாங்கும்போது எப்படித் தெரிந்துகொள்வது?

பெட்டியின் மேல் நீரியின் முத்திரையும் கியூஆர் குறியீடும் இருக்க வேண்டும். அதற்கென உள்ள செயலியில் அந்தக் குறியீட்டைக் காட்டினால் தயாரிப்பாளர் விவரம் வரும். முத்திரை இல்லாத, ஊர் பெயர் இல்லாத பெட்டியை விலை குறைவு என்று எடுக்காதீர்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். தடைக்குப் பிறகும் பேரியம் சேர்க்கப்படுகிறது என்ற புகாரில் உச்ச நீதிமன்றம் சிபிஐயை விசாரிக்கச் சொன்னது. பரிசோதித்த மாதிரிகளில் பேரியம் இருந்தது என்று 2021இல் அறிக்கை வந்தது. போலிக் குறியீடுகள் பற்றியும் அப்போது பேச்சு அடிபட்டது. ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும் விஷயத்தைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? தொழிற்சாலை வாசலில் செய்ய வேண்டிய சோதனையைத் தெருமுனைக்குத் தள்ளிவிட்டோம். காலை ஐந்தே முக்காலுக்கு ஓலைவெடி வெடித்த பையனின் தகப்பனார் காவல் நிலையத்தில் நிற்கிறார்.

சரவெடிக்கு மட்டும் ஏன் இத்தனை கோபம்?

காற்று, ஓசை, குப்பை என மூன்றும் அதனால் அதிகம் என்று 2018 தீர்ப்பு சொன்னது. குப்பை விஷயத்தில் மறுக்க முடியாது. சிறு வயதில் எங்கள் வீட்டு வேப்பமரக் கிளையில் பத்தாயிரம் வாலா ஒன்றைப் பெரியப்பா தொங்கவிடுவார். தரையில் சுருண்டு கிடந்த மிச்சத்தைத் தாண்டாதே என்று எல்லாரையும் விரட்டுவார். வெடித்து முடிந்ததும் திண்ணையிலிருந்து தெரு வரை சிவப்புக் காகிதம் கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும். யார் வீட்டு வாசலில் அதிகம் என்பதே பெருமை. மறுநாள் அதைக் கூட்டி அள்ளியவர் யார் என்று அன்றைக்கு நான் பார்த்ததில்லை.

சிவகாசி என்ன ஆயிற்று?

இந்தியப் பட்டாசில் ஏறத்தாழ 90 சதவீதம் சிவகாசி வட்டாரத்திலிருந்து போகிறது. வானம் பார்த்த பூமி. மழை இல்லாததே தொழிலுக்கு மூலதனம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது 1923இல். அதிலிருந்து கிளைத்து 1940களில் பட்டாசு வளர்ந்தது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள், லட்சக்கணக்கான தொழிலாளர்கள்.

2018 தீர்ப்பு வந்ததும் ஆலைகள் நவம்பரில் மூடப்பட்டு, சுமார் நான்கு மாதம் திறக்கவில்லை. தீபாவளி ஒரு நாள்தான். ஆனால் அதற்கான குழாய் சுற்றுவதும் திரி வெட்டுவதும் மருந்து செலுத்துவதும் ஆண்டு முழுவதும் நடக்கும். வாரக்கூலி நின்றால் மளிகைக் கடைக்காரரிலிருந்து பள்ளிக்கூட ஆட்டோ ஓட்டுநர் வரை எல்லாருக்கும் நிற்கும். எங்கள் பக்கம் பஸ்ஸில் மாலை ஷிப்ட் முடிந்து ஏறுகிறவர்களை அடையாளம் காண்பது எளிது. அலுமினியத் தூள் ஒட்டி முழங்கை வரை வெள்ளி பூசியதுபோல் இருக்கும். டிக்கெட்டுக்கு நீட்டும் சில்லறையும் மினுங்கும்.

அந்த மக்களுக்காகத் தடை வேண்டாம் என்கிறவர்கள், அந்த மக்கள் சாகும் நாளிலும் பேச வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். ஓர் அறையில் நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், உரிமத்தை யார் யாருக்கு உள்குத்தகைக்கு விட்டார்கள் என்ற கேள்விகள் ஒவ்வொரு முறையும் எழுந்து, அடுத்த விபத்து வரை அடங்கிவிடுகின்றன.

பண்டிகை கொண்டாடும் உரிமையில் நீதிமன்றம் தலையிடலாமா?

அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு தரும் மதச் சுதந்திரம், 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமைக்கு உட்பட்டது என்பது 2018 தீர்ப்பின் நிலை. மாசு விளைவிக்கும் எந்தச் செயலையும் எந்த மதமும் ஊக்குவிப்பதில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, திருமணம் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு இருப்பதால் ஒரு மதத்தை மட்டும் குறிவைத்ததாகச் சொல்வது சரியல்ல.

ஆனால் வடநாட்டு மாலைத் தீபாவளியையே எல்லாருடைய தீபாவளியாகவும் எண்ணி எழுதிய முதல் உத்தரவைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. அது மதம் பற்றிய வருத்தம் அல்ல, ஊர் தெரியாததைப் பற்றியது.

இணையத்தில் வாங்கலாமா? ரயிலில் கொண்டுவரலாமா?

இரண்டுக்கும் பதில் ஒன்றே: கூடாது. இணைய வணிக நிறுவனங்கள் பட்டாசு விற்க 2018இலேயே தடை. 'சிவகாசி நேரடி விலை, 80 சதவீதத் தள்ளுபடி' என்று கைப்பேசிக்கு வருகிறவற்றில் போலிகள் ஏராளம். பணம் போகும், பார்சல் வராது. ரயிலில் கொண்டுபோனால் ரயில்வே சட்டம் 164ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம். பஸ்ஸிலும் வேண்டாம்.

தெருவில் போடும் தற்காலிகக் கடைக்கு விதி உண்டா?

உண்டு. தீப்பிடிக்காத பொருளால் ஆன கொட்டகை, கடைக்குக் கடை 3 மீட்டர் இடைவெளி, எதிரெதிரே வாசல் கூடாது, ஓரிடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது, எண்ணெய் விளக்கு கூடாது. துணிப்பந்தலும் தொங்கும் குண்டு பல்புமாக இருந்தால் அங்கே பேரம் பேச நிற்க வேண்டாம்.

யாரும் தடுக்காமலே வெடிக்காத ஊர் இருக்கிறது என்கிறார்களே?

இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியும் வேட்டங்குடிப்பட்டியும் பல தலைமுறையாகப் பட்டாசு வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திலும் இதே வழக்கம். நத்தை குத்தி நாரையும் பாம்புத்தாராவும் அரிவாள் மூக்கனும் கண்மாய் மரங்களில் கூடு கட்டுவது வடகிழக்குப் பருவமழையோடு, அதாவது சரியாகத் தீபாவளியோடு. ஒரு வெடி போதும், தாய்ப்பறவை கூட்டை விட்டு எழும்பிவிடும். சரணாலயம் என்று அரசு அறிவித்தது 1977இல். ஊர்க்கட்டுப்பாடு அதற்கும் முந்தியது என்கிறார்கள். தீபாவளிக்கு வனத்துறை வீடுவீடாக இனிப்புக் கொடுக்கிறது. வெடி வேண்டும் என்று அழும் சின்னப் பிள்ளைகளைப் பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர் வீட்டுக்கு அழைத்துப் போய் ஆசை தீர வெடிக்கவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடும் வீடுகளும் உண்டு.